சிவப்பு விளக்கு அணையும் வரை கிட்டே போகாதே!

ரேணிகுண்டா என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது ரெயில் ஜங்ஷன்தான். திருப்பதி விமான நிலையமும் அங்கேதான் இருக்கிறது. 2015 அக்டோபரில் அதற்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள். 2017-ல் சர்வதேச விமான நிலையம் என்ற தகுதியும் கிடைத்தது. ஏழுமலையானைத் தரிசிக்க ஐதராபாத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பறந்து வரும் பக்தர்கள், இறங்கியதும் பெட்டி எங்கே, டாக்சி எங்கே என்று போய்விடுகிறார்கள். அவர்கள் வந்த விமானத்தைச் சுற்றி அடுத்த அரை மணி நேரம் நடக்கிற வேலையை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

விமானங்கள் நிற்கும் சிமெண்டுத் தளத்தை 'ஏப்ரன்' என்பார்கள். 'ரேம்ப்' என்றும் சொல்வதுண்டு. விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்க ஒருவர், ஏணியைத் தள்ளிவர இருவர், பெட்டிகளை இறக்கச் சிலர், எரிபொருள் லாரி, குப்பை வண்டி, தண்ணீர் வண்டி என்று சந்தைக்கடை போல் ஆகிவிடும். சித்தூர், புத்தூர், நகரி பக்கத்தில் இண்டர் படித்த பையன்கள் சென்னை மீனம்பாக்கம், பெங்களூர் தேவனஹள்ளி என்று தேடிப் போகும் வேலைகளில் இதுவும் ஒன்று. சீருடை உண்டு, விமானத்தின் அருகில் நிற்கிற பெருமை உண்டு. அதில் உள்ள ஆபத்தைத்தான் வீட்டார் அறிவதில்லை.

யார்டில் ஷண்டிங் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். கப்ளிங் மாட்ட ஆள் உள்ளே புகுந்துவிட்டால், அவர் வெளியே வந்து கை காட்டும் வரை டிரைவர் வண்டியை அசைக்கக் கூடாது. ஏப்ரனிலும் அதே சட்டம்தான். ஆனால் ரெயில் எஞ்சின் ஆளை மோதும். ஜெட் எஞ்சின் ஆளை இழுக்கும்.

பம்பாயில் நடந்தது

2015 டிசம்பர் 16 இரவு மும்பை விமான நிலையத்தில் ஐதராபாத் புறப்பட இருந்த ஏர் இந்தியா விமானம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. கீழே காதில் ஹெட்போனுடன் நின்ற டெக்னீஷியன் விலகிவிட்டார் என்ற சைகை முறைப்படி வந்து சேருவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. எஞ்சின் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. அனுபவமில்லாத பையன் அல்ல அவர். விமானப் பராமரிப்பிலேயே வேலை பார்த்து வந்தவர்.

போயிங் 737 போன்ற விமானத்தின் எஞ்சின் வேகம் கூட்டாமல் சும்மா ஓடும்போதே முன்புறம் சுமார் 10 அடிக்குள் வரும் ஆளை இழுத்துவிடக் கூடியது. பின்புறம் சுமார் 100 அடி வரை அதன் காற்று ஆளைத் தள்ளும். எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறி உடனே நிற்பதில்லை. அரை நிமிஷம், ஒரு நிமிஷம் சுற்றித்தான் ஓயும். விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிவதைப் பார்த்திருக்கலாம். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. எஞ்சின் ஓடுகிறது, வராதே என்பதற்கான அடையாளம் அது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் 2022 டிசம்பர் 31 அன்று மூன்று குழந்தைகளின் தாயான ஒரு தொழிலாளி இப்படித்தான் இறந்தார். வந்து நின்ற விமானத்தில், எஞ்சின் நின்ற பின் மின்சாரம் தரும் சிறு எஞ்சின் பழுதாகி இருந்தது. ஆகவே தரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வரை பெரிய எஞ்சின்கள் ஓடும் என்று, விமானம் வருவதற்கு முன்பே ஊழியர்களைக் கூட்டி இரண்டு முறை எச்சரித்திருந்தார்கள். பின்பக்கம் எச்சரிக்கைக் கூம்பு வைக்கப் போன அவரை ஒரு சக ஊழியர் கத்தி, கையசைத்துத் தடுத்தும் பார்த்தார். சற்று நேரத்தில் அவர் இறக்கையை ஒட்டி நடந்து எஞ்சினுக்கு நேர் முன்னே வந்துவிட்டார். விசாரணைக்குப் பிறகு கம்பெனிக்கு விதித்த அபராதம் 15,625 டாலர்.

கத்தியும் பயனில்லாமல் போனதில் வியப்பில்லை. எஞ்சின் இரைச்சலில், காதுக்கு மூடி போட்டவரிடம் எந்தக் குரல் போய்ச் சேரும்? கைச் சைகையும் கண்ணும்தான் அங்கே பேச்சு. போதாததற்கு, விமானத்தைச் சீக்கிரம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மேலிருந்து வரும் அவசரம். நம் பக்கத்து மே மாத வெயிலில் அடுப்புக்கல்லாய்க் காயும் தளம். இரவு ஷிப்டின் தூக்கம். ஒப்பந்தக் கூலிக்கு வந்த பையனை முழுப் பயிற்சி இல்லாமல் இதற்குள் இறக்கிவிட்டு, விபத்து நடந்தபின் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதி முடிப்பது நியாயமாகாது.

சிறு ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். விமானத்தில் எஞ்சினுக்கு வெளியே விசிறி. ஆறு இறக்கைகள், குறுக்களவு சுமார் 4 மீட்டர். முழு வேகத்தில் சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. கல்கத்தாவில் 2019 ஜூலையில் நடந்த விபத்தில் எஞ்சினுக்குச் சம்பந்தமே இல்லை. விசிறி விமானம் ஒன்றின் சக்கரக் குழியில் வேலை செய்துகொண்டிருந்த 22 வயதுப் பயிற்சி டெக்னீஷியனை, திடீரென மூடிக்கொண்ட சக்கரக் கதவு நசுக்கிக் கொன்றது.

வண்டிகளால் வரும் தொல்லை தனி. 2015 டிசம்பரில், மும்பை விபத்து நடந்த ஒரு வாரத்துக்குள், கல்கத்தாவில் ஒரு பஸ் நின்ற விமானத்தின் மேல் மோதியது. 2025 ஏப்ரலில் பெங்களூரில் ஒரு டெம்போ வேன் நின்றிருந்த இண்டிகோ விமானத்துக்கு அடியில் போய் இடித்தது. நமது ரேணிகுண்டாவிலேயே 2020 ஜூலையில் ஓடுபாதையைச் சோதிக்கப் போன வண்டி கவிழ்ந்து, இறங்க வந்த பெங்களூர் விமானம் வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று.

தரையில் விழும் துண்டு துணுக்கு

பயணிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2000 ஜூலை 25-ல் பாரிஸில் எரிந்து விழுந்த கான்கார்டு விமானத்தின் டயரைக் கிழித்தது, முன்னே புறப்பட்டுப் போன வேறொரு விமானத்திலிருந்து உதிர்ந்த ஓர் உலோகப் பட்டை. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் மாண்டார்கள். அதனால்தான் ஏப்ரனில் ஆணி, திருகு, பெட்டியின் உடைந்த சக்கரம், பிளாஸ்டிக் உறை என எது கிடந்தாலும் பொறுக்குவதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறார்கள். விமானத்துக்கு நடந்து போகும்போது கோடு போட்ட வழியை விட்டு இறக்கைக்கு அடியில் நின்று போட்டோ எடுப்பவர்களை ஊழியர்கள் விரட்டுவதும் இதே காரணங்களுக்காகத்தான். அதற்காக அவர்கள்மேல் கோபித்துக்கொள்பவர்களும் உண்டு. லட்டுப் பையைக் கட்டிய சணல் கயிறு அவிழ்ந்து விழுந்தால்கூட, பின்னால் வருகிற தொழிலாளி குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் நகர்வார்.