காற்றற்ற உலைகள்

கொல்லன் உலையினின்று செக்கச் சிவந்த இரும்பை எடுத்துப் பட்டடைக் கல்லில் வைத்து அடிக்கும்பொழுது, அதன் மேலிருந்து கருமையான செதில்கள் உதிர்வதை யாவரும் கண்டிருப்பர். வெப்பமுற்ற இரும்பு காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடுவதால் அச்செதில்கள் உண்டாகின்றன. கலப்பையின் கொழுவுக்கு இவ்விழப்பு ஒரு பொருட்டன்று. ஆனால், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைந்தெடுத்த அச்சு ஒன்றைச் சூடேற்றும்பொழுது இதே செதில் பெருங்கேடாக முடிகின்றது. அன்றியும், எஃகின் மேற்பரப்பிலுள்ள கரியும் எரிந்து அகன்றுவிடுமாதலால், எந்தப் புறம் கடினமாக இருத்தல் வேண்டுமோ அந்தப் புறமே மென்மையாகிவிடும்.

இக்கேட்டைத் தவிர்க்கும் வழி சொல்லளவில் எளிது: சூடேற்றும் இடத்தினின்று காற்றை நீக்கிவிட வேண்டும். அவ்வாறு செய்யும் சாதனமே வெற்றிட உலை. ஆனால், காற்றை நீக்குவதும், நீக்கிய காற்று திரும்பி வாராமல் காப்பதும், இரும்பைச் சூடேற்றுவதைக் காட்டிலும் கடினமான வேலைகளாகும். எனவே இவ்வுலையில் தீக்கு இரண்டாம் இடமே; முதலிடம் பம்புக்கும் தூய்மைக்கும் உரியது.

பெங்களூரின் தேவை

நம் நாட்டில் இவ்வகை உலைகளின் தேவையை மிகுதியாக உணர்ந்த நகரங்களுள் பெங்களூர் ஒன்று. 1940இல் அங்கு விமானத் தொழிற்சாலை தோன்றியது. 1953இல் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனமும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தொடங்கப்பெற்றன. 1957இல் இந்துஸ்தான் விமான நிறுவனத்தின் எஞ்சின் பிரிவு, ஆர்ஃபியஸ் தாரை எஞ்சின்களை உரிமம் பெற்று உற்பத்தி செய்யும் பொருட்டு அமைக்கப்பட்டது. 1962இல் மத்திய இயந்திரக் கருவிகள் நிலையம் நிறுவப்பட்டது. அதுவே இன்று மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையம் என வழங்குகின்றது. விமான எஞ்சின், வெட்டுங்கருவி, வானொலிக் குழல் ஆகிய மூன்றும் வெவ்வேறு தொழில்களாயினும், செதில் படியாத தூய உலோகம் மூன்றுக்கும் வேண்டும். 1965இல் ஹிந்த் ஹை வேக்குவம் நிறுவனம் அந்நகரிலேயே தோன்றியதும், பின்னர் வெற்றிட உலைகள் அங்கேயே செய்யப்பட்டதும் இத்தேவையுடன் பொருந்தி வருவன.

வெற்றிடம் என்பது யாது?

கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மி.மீ. பாதரச உயரத்துக்குச் சமம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் இது சுமார் 680 மி.மீ. ஆகும். நல்ல வெற்றிட உலையிலோ ஒரு மி.மீட்டரில் லட்சத்தில் ஒரு பங்களவுக்கு அழுத்தம் குறைக்கப்படுகின்றது. அதாவது, கடல்மட்டக் காற்றின் 7 கோடியே 60 லட்சம் மூலக்கூறுகளில் ஒன்றே எஞ்சி நிற்கும். அப்பொழுதும் ஒரு கன சென்டிமீட்டரில் 30,000 கோடிக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. முற்றிலும் வெறுமையான வெற்றிடம் எந்த உலையிலும் இல்லை. எஞ்சியுள்ள வாயு உலோகத்திற்குத் தீங்கிழைக்காத அளவினதாக இருத்தலே போதும்.

பம்புகளின் பணி

இவ்வளவு காற்றையும் ஒரே பம்பினால் நீக்க இயலாது. முதலில் சுழற்பம்பு இயங்குகின்றது. எண்ணெயில் அமிழ்ந்த உருளை ஒன்று சுழன்று, காற்றைச் சிறிது சிறிதாக அடைத்து அழுத்தி வெளியேற்றுகின்றது. அழுத்தம் ஒரு மி.மீட்டரில் நூறில் ஒரு பங்கை நெருங்கும்பொழுது அதன் ஆற்றல் ஓய்ந்துவிடுகின்றது. பெரிய உலைகளில் வேகத்தைக் கூட்டுவதற்காக, எட்டு என்னும் எண்ணின் வடிவமுள்ள இரு சுழலிகளைக் கொண்ட ரூட்ஸ் பம்பும் இடையே சேர்க்கப்படுகின்றது.

அதற்கப்பால் டிஃப்யூஷன் பம்பு பணியை மேற்கொள்கின்றது. ஜெர்மானிய விஞ்ஞானி கேடே 1915இல் இதனை விளக்கினார். அமெரிக்க விஞ்ஞானி லாங்மியூர் 1916இல் இதனைச் செம்மைப்படுத்தினார். இதில் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. அடியிலுள்ள எண்ணெய் கொதித்து ஆவியாகி, குடை போன்ற மூடிகளின் அடியிலிருந்து கீழ்நோக்கி விரைந்து பாய்கின்றது. வழியில் அகப்படும் காற்று மூலக்கூறுகளை அவ்வாவி கீழே தள்ள, அங்கே காத்திருக்கும் சுழற்பம்பு அவற்றை அகற்றுகின்றது. ஆவியோ குளிர்ந்த சுவரில் பட்டு எண்ணெயாகி மீண்டும் அடியை அடைகின்றது. குளிர்நீர் ஓட்டம் தடைப்பட்டால் எண்ணெய் ஆவி உலைக்குள் புகும். எண்ணெய் சூடாக இருக்கையில் காற்று உட்புகுந்தால் எண்ணெய் எரிந்து கெடும்.

எஃகைக் கடினப்படுத்துதல்

உலைக்குள் கிராஃபைட் அல்லது மாலிப்டினத்தாலான தகடுகளும் தண்டுகளும் மின்சாரத்தால் சூடேற்றப்படுகின்றன. வெளிச்சுவர் இரட்டையாக அமைந்து, இடையே நீர் ஓடுவதால் கைபொறுக்கும் சூட்டிலேயே இருக்கும். சூட்டு அச்சுகளுக்குரிய எஃகு சுமார் 1,020 முதல் 1,050 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், விரைவெட்டு எஃகு சுமார் 1,200 டிகிரி வரையிலும் சூடேற்றப்படும். பின்னர் எண்ணெயில் தோய்ப்பதற்குப் பதிலாக, தூய நைட்ரஜன் வாயு வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல மடங்கு அழுத்தத்தில் உட்செலுத்தப்பட்டு, விசிறியால் சுழற்றப்படுகின்றது. பொருள் சீராகக் குளிர்வதால் கோணல் குறைகின்றது. உள்ளே சென்ற மினுமினுப்புடனேயே வெளியே வருவதால், மீண்டும் சாணை பிடிக்கும் செலவும் பெரிதும் மீதமாகின்றது.

ஒன்றை மறத்தலாகாது. வெற்றிடத்தில் வெப்பம் கதிர்வீச்சினால் மட்டுமே பரவும். தாழ்ந்த வெப்பநிலைகளில் கதிர்வீச்சு வலிமை குறைந்தது. ஆகையால், மானி உரிய வெப்பநிலையைக் காட்டும் வேளையிலும் தடித்த பொருளின் உள்ளகம் பின்தங்கியிருக்கக்கூடும். வெப்ப இரட்டையைப் பொருளின் மீதே, அதுவும் தடித்த பகுதியில், பொருத்துவது இதனாலேயே.

பற்றாசும் நுண்ணிடைவெளியும்

பொற்கொல்லர் இரு பொன் துண்டுகளைப் பற்றாசு வைத்து இணைக்கும்பொழுது வெங்காரம் இடுகின்றனர். மேற்பரப்பில் படியும் ஆக்சைடை வெங்காரம் கரைத்து அகற்ற, உருகிய பற்றாசு உலோகத்தோடு ஒட்டுகின்றது. இம்முறையையே பட்டறைகளில் பிரேசிங் என்பர். வெற்றிட உலையில் வெங்காரமே வேண்டுவதில்லை. வெப்பமும் வெற்றிடமும் சேர்ந்து துருப்பிடிக்காத எஃகின் மெல்லிய ஆக்சைடுப் படலத்தைக் குலைத்துவிடுகின்றன. உருகிய பற்றாசு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போன்று, நுண்புழை ஈர்ப்பினால் தானாகவே இடைவெளியில் பரவுகின்றது. இடைவெளி பொதுவாக ஒரு மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். நிக்கல் பற்றாசு இடப்படுமிடத்தில் இடைவெளி அகன்றால், இணைப்பின் நடுவே நொறுங்கும் தன்மையுள்ள சேர்மங்கள் தங்கிவிடும்.

எப்பற்றாசும் இங்கு உதவும் எனக் கருதலாகாது. துத்தநாகமும் காட்மியமும் கலந்த சாதாரணப் பற்றாசுகள் வெற்றிடத்தில் ஆவியாகி, உலைச் சுவரிலும் பம்பு எண்ணெயிலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். பித்தளைப் பொருளை உலையில் வைக்கலாகாது என்பதும் இக்காரணத்தாலேயே. 780 டிகிரியில் உருகும் வெள்ளி-செம்புக் கலவை, தூய செம்பு, நிக்கல் கலவைகள் ஆகியனவே பெரிதும் பயன்படுகின்றன.

கண்ணுக்குப் புலனாகாத இணைப்பு

இக்கலையின் அருமை ராக்கெட் எஞ்சினில் நன்கு விளங்கும். திரவ ஹைட்ரஜனால் இயங்கும் எஞ்சினின் எரியறையுள் வெப்பநிலை 3,000 டிகிரிக்கு மேற்படும். செம்புக் கலவையாலான உட்சுவர் அதனைத் தாங்கும்பொருட்டு, அச்சுவரின் புறத்தே நூற்றுக்கணக்கான மெல்லிய கால்கள் வெட்டப்பட்டு, மேலே எஃகு உறை பொருத்தப்படுகின்றது. அக்கால்களின் வழியே சுமார் −253 டிகிரிக் குளிருள்ள திரவ ஹைட்ரஜன் பாய்கின்றது. இரு சுவர்களையும் ஒன்றாகப் பிணைப்பது வெற்றிட உலையில் உருகிய பற்றாசே. பற்றாசு மிகுந்தால் கால் அடைபட்டுச் சுவர் உருகும். குறைந்தால் பிணைப்பு விட்டுப்போகும். இணைப்பு முழுவதும் உள்ளே மறைந்திருப்பதால் பிறகு திறந்து பார்க்கவோ திருத்தவோ இயலாது.

நம் நாட்டிற் செய்த குளிர்நிலை எஞ்சின் 2014 ஜனவரி 5ஆம் நாள் முதன்முறையாக விண்ணில் வெற்றி கண்டது. அதனினும் பெரிய, ஏறத்தாழ 20 டன் உந்துவிசையுள்ள எஞ்சின் 2017 ஜூன் 5ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது. 2023 ஜூலை 14ஆம் நாள் சந்திரயான்-3 கலத்தைச் செலுத்துவதிலும் பங்கு கொண்டது. இவ்வகை எஞ்சின்களை உற்பத்தி செய்வதற்கென 4,500 சதுர மீட்டர் பரப்பில் பெங்களூர் இந்துஸ்தான் விமான நிறுவனத்தில் அமைந்த தொழிற்கூடத்தைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2022 செப்டம்பர் 27ஆம் நாள் திறந்துவைத்தார்.

பணிமனையில் கவனிக்க வேண்டியவை

மறைந்திருக்கும் இணைப்பின் தரம், உலைக்கதவு மூடப்படுவதற்கு முன்பே பெருமளவு முடிவாகிவிடுகின்றது. பொருளின்மேல் எண்ணெயோ கைரேகையோ இருந்தால் அது கரியாகிப் பற்றாசைப் பரவவிடாது. எனவே கழுவி உலர்த்திய பொருள்களைத் தூய பருத்திக் கையுறையோடு கையாளுதல் வேண்டும். மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் உலை, சுவர்தோறும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வேலையற்ற வேளையிலும் அதனை மூடி வெற்றிடமாகவே வைத்தல் நலம். சுழற்பம்பின் எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளதென அறியலாம்.

யாவற்றிலும் முக்கியமானது கசிவுச் சோதனை. வலிமையுள்ள பம்பு, கசிவு இருக்கும்பொழுதும் மானியில் நல்ல அளவைக் காட்டிவிடும். ஆனால் கசிவின் வழியே வரும் காற்று இடைவிடாமல் சூடான உலோகத்தைத் தாக்கிக்கொண்டிருக்கும். ஆகவே பொருள் இல்லாத, உலர்ந்த, குளிர்ந்த உலையைப் பம்பு செய்து, வால்வை மூடிவிட்டு, அழுத்தம் எவ்வளவு விரைவில் ஏறுகின்றதெனக் கடிகாரத்தைக் கொண்டு அளந்து, நாள்தோறும் பதிவு செய்தல் வேண்டும். ஏற்றம் முன்னாளைவிட மிகுந்தால் கதவின் ரப்பர் வளையத்தையே முதலில் ஆராய்தல் தகும்.

வகுப்பறையில்

இவ்வுண்மைகளுள் இரண்டினை ஆசிரியர்கள் எளிதில் காட்டலாம். ஊசியில்லாப் பீச்சுக்குழலில் சுமார் 70 டிகிரிச் சூடுள்ள நீரைச் சிறிதளவு எடுத்து, வாயை ரப்பர் மூடியால் அடைத்து, தண்டை வெளியே இழுத்தால் நீர் கொதிக்கக் காணலாம். சுடுநீராதலால் இதனை ஆசிரியரே செய்து காட்டுதல் நன்று. அழுத்தம் குறைந்தால் பொருள்கள் எளிதில் ஆவியாகும் என்பதும், துத்தநாகம் வெற்றிட உலைக்கு ஏன் ஒவ்வாது என்பதும் மாணவர்க்கு இதனால் விளங்கும். இரு கண்ணாடித் தகடுகளின் ஓர் ஓரத்தைச் சேர்த்தும், மறு ஓரத்தில் தீக்குச்சி ஒன்றை இடையே வைத்தும் வண்ண நீரில் நிறுத்தினால், இடைவெளி குறுகிய பக்கத்தில் நீர் உயர்ந்து ஏறும். பற்றாசு குறுகிய இடத்தையே நாடுவது இவ்வாறுதான்.

விலையுயர்ந்த உலையை ஒரு தொழிற்சாலை ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதன் கசிவை நாள்தோறும் அளந்து எழுதும் பழக்கமோ, பயிற்சியால் மட்டுமே வருவது. உலையினின்று வெளிவரும் இணைப்பைக் கண்ணால் கண்டு சோதிக்க இயலாத இடத்தில், அவ்வேட்டில் உள்ள எண்களே அதன் உறுதிக்குச் சான்றாக நிற்கின்றன.