ஒரு பக்கத்தில் ஒரு நாடு

ஹற்றனுக்கு அருகே எங்கள் லயத்து அறையில் மூன்று இரவுகள் விளக்கு அணையவில்லை. அண்ணன் மகள் மாதிரி ஐ.நா. சபைக்கு எழுதிக்கொண்டிருந்தாள். மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து விவாதிப்பார்களாம். அதற்கு முன்பே தம் நாட்டின் நிலைப்பாட்டை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தலைப்பு நாடற்றவர்கள். அவளுக்குக் கிடைத்த நாடு இந்தியா.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, சகோதரிகளே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றுப் போனவர் எங்கள் தாத்தா. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். தோட்டத்தில் யாரையும் கேட்கவில்லை. என் பெரிய அத்தை தலைமன்னாரில் கப்பல் ஏறினார். மறுபடி நாங்கள் பார்க்கவில்லை.

முதல் இரவு அவள் எழுதியது முழுக்க அந்தக் கதைதான். வாசித்து நானும் அண்ணியும் அழுதோம். அவளோ அதைக் கிழித்துப் போட்டாள்.

"நான் இப்ப இந்தியா, அத்தை. 'எங்க பாட்டி'ன்னு எழுத முடியாது. 'இந்தியத் தூதுக்குழு கருதுகிறது'ன்னுதான் எழுதணும்."

நாடற்றவர்கள் பற்றி 1954இலும் 1961இலும் இரண்டு சமவாயங்கள் உண்டு. இந்தியா இரண்டிலும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. எஞ்சியிருந்த நம்மவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தது இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றையெல்லாம் தேடி எடுத்து, பிரஜாவுரிமை அந்தந்த நாட்டின் இறைமைக்குரிய விடயம், அயல்நாட்டோடு பேசித் தீர்ப்பதே முறை என்று எழுதினாள். நியாயமாகவே இருந்தது. அதுதான் எனக்கு வலித்தது.

அடுத்தது தீர்மான வரைவு. எத்தனை பக்கம் போனாலும் அது ஒரே வாக்கியம். 'நினைவுகூர்ந்து', 'கவலைகொண்டு' என்று காரணங்கள் முன்னால் வரும். செய்ய வேண்டியவை இலக்கமிட்டுப் பின்னால் வரும். ஒவ்வொன்றின் முடிவிலும் அரைப்புள்ளி, கடைசியில் மட்டும் முற்றுப்புள்ளி. பட்டறைகளில் நமக்குச் சொல்லித் தந்த 1325ஆம் தீர்மானமும் (2000) 18 பிரிவுகள் கொண்ட ஒரே வாக்கியம்தானாம்.

கிளிநொச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், மெனிக் பாம் முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவள் நான். 2009இல் பக்கத்துக் கூடாரத்துப் பெண்களுக்கெல்லாம் காணாமற்போனோர் பற்றி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் துணிவில் 'கட்டளையிடுகிறது' என்று போடச் சொன்னேன். அடித்துவிட்டாள். பொதுச்சபை நாடுகளுக்குப் பரிந்துரைக்கத்தான் முடியுமாம். கட்டுப்படுத்தும் அதிகாரம் பாதுகாப்புச் சபைக்கே.

"கேட்டுக்கொண்டே எத்தனை வருசம்டி?" என்றேன்.

"பிழையான சொல் போட்டா திருப்பிடுவாங்க அத்தை."

அது எனக்குத் தெரியாததா? என் முதல் மனுவே ஓர் இலக்கம் விடுபட்டதற்காகத் திரும்பி வந்தது.

நான் கேட்டு வாங்கியது ஒரு பிரிவு மட்டும். பெரிய அத்தைக்கும் சேர்த்து மாமாதான் விண்ணப்பம் கொடுத்தார். ஆகவே நாடு மாற்றும்போது மனைவியின் சம்மதத்தைத் தனியாக, எழுத்தில் பெற வேண்டும் என்று சேர்க்கச் சொன்னேன்.

"இந்தியா இதைச் சொல்லுமா?" என்று வெகுநேரம் யோசித்தாள். பிறகு நான் தமிழில் சொல்லச் சொல்ல, 4ஆம் பிரிவாக ஆங்கிலத்தில் எழுதி அரைப்புள்ளி வைத்தாள். சங்கு ஊத, அண்ணி கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.