ஓட்டை உடைத்த குரங்கும் வாடகை ஏணியும்

நகரி மலைகளை அடுத்த பள்ளிப்பட்டுப் பக்கம் ஓட்டு வீட்டில் மழை ஒழுகினால், குரங்கையும் சந்தேகிக்க வேண்டும். நாட்டுக் குரங்கில் ஆண் 6 முதல் 9 கிலோ எடை இருக்கும். மரத்திலிருந்து அது குதிக்கும் கணத்தில் ஓட்டைத் தாக்கும் விசையோ அந்த எடையைப்போலப் பல மடங்கு. சுட்ட மண் வளையாது, உடைந்துவிடும். ஒழுகும் நீரில் ரீப்பர் ஊறி மக்கும். கறையானும் வந்து சேரும்.

மங்களூர் ஓட்டை மாற்றுவது எளிது. மேல்வரிசை ஓட்டைச் சற்றுத் தூக்கி, உடைந்ததை உருவி, புதியதை ரீப்பரில் மாட்டினால் போதும். ஆபத்து ஏணியில்தான் இருக்கிறது. நாள் வாடகைக்கு வரும் மூங்கில் ஏணி பல கை மாறியது. விரிசல் உண்டா, கட்டுகள் இறுக்கமா என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

ஏணி சாயும் இடம் 4 மீட்டர் உயரமானால், அதன் அடி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மிக நெருங்கினால் ஆள் பின்புறம் சாய்வார். மிக விலகினால் அடி வழுக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது தரையின் உராய்வு. ஆள் ஏற ஏற, அடியை வெளியே தள்ளும் விசை கூடுகிறது. எனவே முதல் படியில் அசையாத ஏணி மேல்படியில் நழுவலாம்! கீழே ஒருவர் அடியை மிதித்து நிற்பது இதற்காகத்தான்.

ஏறுவதைப் பெரியவர்களுக்கு விட்டுவிடுங்கள். வழவழப்பான தரையில் ஓர் அடிக்கோலைச் சுவரில் சாய்த்து வையுங்கள். அதில் ஓர் அழிப்பானை ரப்பர் வளையத்தால் கட்டி, சிறிது சிறிதாக மேலே நகர்த்துங்கள். எந்த இடத்தில் கோல் வழுக்குகிறது?