பெட்டியில் உறங்கும் கடிதங்கள்

சென்ற ஆண்டு என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன், தன் தாயார் கொடுத்தனுப்பியதாகப் பழைய கடிதக் கட்டொன்றைக் கொணர்ந்தான். "உஸ்தாது, பார்த்தால் அரபு, ஓதினால் பொருள் விளங்கவில்லை" என்றான். விரித்துப் பார்த்தேன். எழுத்து அரபு, மொழியோ நம் அன்னைத் தமிழ்!

அம்மாணவனின் தாயாருடைய உம்மம்மா, கொழும்பில் வணிகம் செய்த தம் கணவருக்கு எழுதியவை அவை. முதற்கடிதத்தில் ஹிஜ்ரி 1358 எனக் கண்டிருந்தது. ஏறத்தாழ 1939ஆம் ஆண்டு. கணவர் ஊர் திரும்புகையில் ஒன்றுவிடாமல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பள்ளிக்கூடம் காணாத பெண்மணிகள் பலர், திருமறை ஓதக் கற்ற அரபு எழுத்திலேயே தமிழை எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டிய எழுத்துகளை ஆண்டனர். அதுவே அரபுத்தமிழ். கடல் கடந்து பொருளீட்டச் சென்ற கணவருக்கு, எவர் துணையுமின்றித் தம் மனத்தைத் திறந்து காட்ட அவ்வெழுத்து உதவிற்று.

அக்கடிதங்களில் கவிதை இல்லை. தேங்காய் விலையும், கூரை ஒழுகலும், அண்டை வீட்டுத் திருமணமுமே உள்ளன. ஆயினும் ஸலாம் கூறும் முதல் வரி நிதானமாக, அழகாக அமைந்திருக்கிறது. விடைபெறும் வரியிலோ எழுத்துகள் நெருங்கி விளிம்பில் ஏறி நிற்கின்றன. முடிக்க மனமின்றி எழுதிய கை அது! ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் குழந்தையின் கையால் ஓர் அலிஃப். முதலில் சாய்ந்து கிடந்த அக்கோடு, ஏழாவது கடிதத்தில் நிமிர்ந்து நிற்கிறது. கொழும்பிலிருந்த தந்தை தம் மகளின் வளர்ச்சியை அக்கோட்டில்தான் கண்டிருப்பார்.

கடிதம் இலக்கியமாகும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1857 கிளர்ச்சிக்குப்பின் சிதைந்த டில்லியைப் பற்றி மிர்ஸா காலிப் நண்பர்களுக்கு எழுதியவை 1868இல் 'ஊதே ஹிந்தி'யாக வெளிவந்தன. 1942இல் அஹ்மத்நகர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட மௌலானா அபுல் கலாம் ஆஸாத், அனுப்ப இயலாத கடிதங்களை எழுதினார். அவை 1946இல் 'குபாரே காதிர்' என நூலாயின. எனினும் அச்சு கருத்தைத் தருமேயன்றிக் கையின் நடுக்கத்தைத் தராது.

அன்புச் சகோதரிகளே! இரும்புச்சத்துள்ள பழைய மை நாளடைவில் பழுப்பேறிக் காகிதத்தையும் அரிக்கும். மடித்த இடமே முதலில் கிழியும். ஆதலின் கடிதங்களை விரித்து, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். பசைநாடா ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறையிட்டு உருக்கி ஒட்டவும் கொடுக்காதீர்கள். அரபுத்தமிழ் வாசிக்கவல்ல முதியோர் குறைந்து வருகின்றனர்; அவர்கள் இருக்கும்போதே வாசிக்கச் செய்து, தமிழெழுத்தில் பெயர்த்து வையுங்கள். வாசிப்பவருக்கு அது அமானிதம். ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் வெளியே போகலாகாது. இங்கு நான் கூறியதும் அவ்வீட்டார் இசைவுடனேதான்.

பெயர்த்தெழுதிய தாள்களை அம்மாணவனின் வீட்டில் ஒப்படைத்தேன். அவன் தாயார் தாள்களைப் படிக்கவில்லை. மூலக் கடிதத்தை எடுத்து, அடியிலிருந்த கோட்டை விரலால் தடவி, "இது என் உம்மா போட்ட அலிஃபா?" என்று கேட்டார். அந்த உம்மா மவ்த்தாகி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.