டேராடூன்: கங்கைக்கும் யமுனைக்கும் நடுவே

தெற்கு நோக்கி நில்லுங்கள். கீழே விரிவது டூன் பள்ளத்தாக்கு. அதற்கப்பால் தாழ்ந்து நீள்பவை சிவாலிக் குன்றுகள். முதுகுப்பக்கம் முசூரி மலை. தொலைவில் இடப்புறம் கங்கை, வலப்புறம் யமுனை.

1676இல் குரு ராம் ராய் வந்து தங்கிய பிறகு வளர்ந்த ஊர் இது. ஹோலி கழிந்த ஐந்தாம் நாள் அவரது தர்பாரில் நெடிய கொடிமரத்துக்குப் புதுத் துணி சுற்றி ஏற்றுகிறார்கள். 2000 முதல் உத்தராகண்டின் தலைநகர்.

வன ஆராய்ச்சி நிறுவனத்தை (1906) அவசியம் பாருங்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் 700 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தேவதாரு மரத்தின் குறுக்குவெட்டு இருக்கிறது. அருகே போய் வளையங்களைப் பாருங்கள்: நெருக்கமாக இருப்பவை மரம் மெதுவாக வளர்ந்த ஆண்டுகள்.

இந்திய நில அளவைத் துறையின் தலைமையகமும் இங்கேதான். இமயச் சிகரங்களின் உயரத்தைக் கணித்த அதன் மாபெரும் முக்கோண அளவை, 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கியது.

ரிஸ்பனா, பிந்தால் ஆறுகள் நகருக்குள்ளேயே ஓடுகின்றன. கோடையில் கூழாங்கல் படுகை. ஆடி, ஆவணி மழையில் கரை புரளும். அப்போது படுகையில் இறங்க வேண்டாம்.