அழுதால்தான் வலியா?

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் லிங்கத்துக்கு எப்போதும் சந்தனக்காப்புதான். யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்ட, புதருக்குள்ளிருந்து ரத்தம் பீறிட்டதாம். விலக்கிப் பார்த்தால் சிவலிங்கம்! அந்தக் காயத்துக்குத்தான் சந்தனம் என்கிறது தலபுராணம். 'ஐயோ' என்று குரல் வரவில்லை. ரத்தத்தைப் பார்த்துத்தான் ராஜாவுக்குப் புரிந்தது.

கைக்குழந்தையின் வலியும் அப்படித்தான். பார்த்துப் புரிந்துகொண்டால்தான் உண்டு. நமக்கு லேசாகத் தலை வலித்தாலே மேனேஜரிடம் விவரமாகச் சொல்லி அரை நாள் லீவு வாங்கிவிடுகிறோம். குழந்தை? அழும். 'பசிக்குதோ என்னவோ', 'திருஷ்டியா இருக்கும், சுத்திப் போடு' என்று நாம் ஆளுக்கொரு ஜோசியம் சொல்வோம்.

டாக்டர்களே ஒரு காலத்தில் பச்சைக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பினார்கள். 1985-ல் வாஷிங்டனில் குறைமாதக் குழந்தை ஜெஃப்ரி லாசனுக்கு இதயத்தருகே ஆபரேஷன். அசையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். வலி தெரியாமலிருக்க எதுவும் கொடுக்கவில்லை. சில வாரங்களில் குழந்தை இறந்துபோனது. பிறகுதான் தாய்க்கு உண்மை தெரிந்தது. ஊரறியச் சொன்னார். கொதித்தது அமெரிக்கா.

அதே சமயம் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நம்ம ஊர்க்காரர், இந்தூரில் மருத்துவம் படித்த கன்வல்ஜீத் ஆனந்த், இதே கேள்வியைக் குடைந்துகொண்டிருந்தார். வலி மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்த குறைமாதக் குழந்தைகள் நன்றாகத் தேறுகின்றன என்று 1987-ல் நிரூபித்தார்.

சரி, எவ்வளவு வலி என்று அளப்பது எப்படி? 1997-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு கணக்குப் போட்டார்கள். பெயர் 'ஃப்ளாக்'. முகம், கால், உடம்பு, அழுகை, சமாதானமாகிறதா என்று ஐந்து விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 மார்க். முகம் எப்போதாவது சுளித்தால் 1. தாடை இறுகி, மோவாய் நடுங்கிக்கொண்டே இருந்தால் 2. காலை உதைத்தாலோ, வயிற்றோடு மடக்கிக்கொண்டாலோ 2. தூக்கினால் அடங்குகிற அழுகைக்கு 1. தூக்கியும் அடங்காவிட்டால் 2. கூட்டிப் பார்த்து 7 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் வலி. (பரீட்சையில் மார்க் குறைந்தால் சந்தோஷப்படுகிற ஒரே இடம் இதுதான்!)

இதிலும் ஒரு சிக்கல். மூளை வளர்ச்சி பாதித்த பிள்ளைகளில் சிலர் வலி வந்தால் சிரிப்பார்கள். சிலர் தன்னையே அடித்துக்கொள்வார்கள். சிலர் கப்சிப். பத்து வயதானாலும் 'இங்கே வலிக்குது' என்று சொல்ல வராது. அதனால் 2006-ல் கணக்கைத் திருத்தினார்கள். 'எங்க பையன் வலின்னா இப்படித்தான் பண்ணுவான்' என்று அம்மா சொல்வதை அந்தத் தாளிலேயே எழுதிக்கொண்டு, அதை வைத்து மார்க் போடலாம். டாக்டரம்மாவுக்கும் தெரியாத பாஷை அது. அப்படிப் பிள்ளை உள்ள வீட்டில், அவன் வழக்கங்களை ஒரு நோட்டில் குறித்துவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகலாம். பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாத ராத்திரியில் நர்ஸுக்கு அதுதான் அகராதி.

தடுப்பூசி வலிக்கும் வழி இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும்போதே ஊசி போடலாம், மடியில் அணைத்துக்கொள்ளுங்கள் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. பால் குடி மறந்த பிள்ளைக்கு அது அப்பா மடியாகவும் இருக்கலாம், லீவு கிடைத்தால்!