மாடிக் கதவைத் திறவுங்கள்!

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் தினத்தை நேயர்கள் மறந்திருக்க முடியாது. முந்தின நாளே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிடும். எந்தப் பையன் எந்தக் கேள்விக்குக் கையைத் தூக்க வேண்டும் என்பது ஒத்திகை பார்த்து முடிந்திருக்கும். மந்தமான பையன்களுக்கு அன்றைக்கு மட்டும் வாத்தியாரே கருணையுடன் லீவு கொடுத்துவிடுவார். இன்ஸ்பெக்டர் வருவார், ரிஜிஸ்தரைப் புரட்டுவார், "பேஷ்!" என்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் பிரம்பு பழைய இடத்துக்கு வந்து சேரும்.

இந்த வேடிக்கை பள்ளிக்கூடத்தோடு நின்றால் பெரிய மோசமில்லை. அடி வாங்கிய பையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதுவிடுவான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். வந்தாலும் நடந்ததைச் சொல்லத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வசிக்கும் இல்லங்களைப் பரிசோதிப்பது எப்படி? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் பிரிட்டன் தேசம் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அறிவு வளர்ச்சி தாமதப்பட்டவர்களைப் பற்றிய விஷயம் இது. அவர்களுக்கு இருப்பது பைத்தியமன்று. மருந்து கொடுத்துத் தீர்க்கும் வியாதியுமன்று. ஒருவருக்குக் கணக்கு வராது. இன்னொருவருக்குப் பேச்சே வராது. ஆனால் பசியும் வெட்கமும் பயமும் பிரியமும் நமக்கு இருப்பது போலவே அவர்களுக்கும் உண்டு. அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்றவர்களின் நெஞ்சில் இராப் பகலாக நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

நெடுங்காலம் வரை பிரிட்டன் இதற்குச் சொன்ன பதில், ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் கட்டிய பெரிய ஆஸ்பத்திரிகள். வேல்ஸ் நாட்டில் கார்டிப் நகரிலிருந்த ஈலி ஆஸ்பத்திரி அவற்றில் ஒன்று. அங்கே நோயாளிகளைச் சிப்பந்திகள் சிலர் கொடுமைப்படுத்துவதையும், அவர்களுக்கென்று வந்த உணவும் துணியும் களவு போவதையும் அங்கு வேலை பார்த்த ஒருவரே வெளியிட்டார். 1967-ம் வருஷம் பத்திரிகையில் அச்செய்தி வந்தது. விசாரணைக்குத் தலைமை வகித்தவர், பின்னாளில் நிதி மந்திரியான ஜெப்ரி ஹௌ என்னும் வக்கீல். விசாரணை அறிக்கையைச் சுருக்கி மூடி மறைக்காமல் முழுவதையும் 1969-ல் வெளியிடச் செய்தார் அப்போதைய மந்திரி ரிச்சர்ட் கிராஸ்மன். அதே வருஷம், ஆஸ்பத்திரிகளுக்கு நேரில் சென்று பார்த்து மந்திரிக்குத் தெரிவிப்பதற்கென்று ஒரு தனிக் குழு ஏற்பட்டது. "போய்ப் பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்" என்ற எளிய உண்மை சர்க்காருக்குப் புலப்பட்டது இவ்விதமாகத்தான்.

பிறகு காலம் மாறிற்று. பெரிய ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டன; சிறிய இல்லங்கள் தோன்றின; தனியார் கம்பெனிகளும் இத்துறையில் புகுந்தன. 2009-ம் வருஷம், மூன்று பழைய ஸ்தாபனங்களை ஒன்றாக்கி, 'பராமரிப்புத் தரக் கமிஷன்' என்பது இங்கிலாந்தில் வேலை தொடங்கிற்று. இனி ஒரு குறையுமில்லை என்று யாரும் நினைத்திருப்பார்கள். இரண்டு வருஷம் சொச்சந்தான் கழிந்தது. அந்த நினைப்பு தவிடுபொடியாயிற்று.

* * *

பிரிஸ்டல் நகருக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்று ஓர் இடம் இருந்தது. 24 பேர் தங்கக்கூடிய இடம். ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரி 3,500 பவுன் வீதம் பொதுப் பணத்திலிருந்து கம்பெனிக்குப் போய்க் கொண்டிருந்தது. அவ்வளவு பணத்துக்கு ராஜோபசாரமே நடத்தலாம் அல்லவா? நடந்தது என்ன என்பதைப் பி.பி.சி. நிருபர் ஒருவர் அங்கேயே சிப்பந்தியாக வேலைக்குச் சேர்ந்து, ஐந்து வாரம் ஒளித்து வைத்த காமிராவினால் படம் பிடித்தார். 2011-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி டெலிவிஷனில் தேசம் முழுவதும் அதைப் பார்த்தது. மாடியில், பூட்டிய கதவுக்குள், வாயில்லாப் பூச்சிகளான மனிதர்களை அறைந்தார்கள். தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். நாற்காலிக்கடியில் போட்டு அழுத்தினார்கள். உடுத்த துணியோடு குளிர்ந்த நீரைக் கொட்டினார்கள். அடுத்த மாதமே அந்த இடம் மூடப்பட்டது. 2012-ல் பதினொரு பேர் தண்டனை பெற்றார்கள்; அவர்களில் ஆறு பேர் சிறை சென்றார்கள்.

ஆனால் கொடுமையைக் காட்டிலும் திகைப்பூட்டும் விஷயம் வேறொன்று உண்டு. அதை வெளிப்படுத்தியது மார்கரெட் பிளின் என்னும் அம்மையார் 2012-ல் எழுதிய விசாரணை அறிக்கை. அங்கே நடந்தது யாருக்குமே தெரியாத ரகசியமன்று. உள்ளூர் நிர்வாகத்துக்கு 40 தடவை எச்சரிக்கை போயிருந்தது. ஒவ்வொன்றும் ஏதோ தனிச் சம்பவமென்று கட்டி வைக்கப்பட்டது. அங்கிருந்தவர்களைக் காயங்களுக்காகவும் பிறவற்றுக்காகவும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு 70 தடவைக்கு மேல் கொண்டு போயிருந்தார்கள். போலீஸாரும் பல முறை வந்து போயிருந்தார்கள். அங்கேயே வேலை பார்த்த மூத்த நர்ஸு ஒருவர், டெலிவிஷன்காரர்களிடம் போவதற்கு முன், கமிஷனுக்கே தெரிவித்திருந்தார். உள்ளூர் நிர்வாகம் கவனித்துக்கொள்ளும் என்று கமிஷன் இருந்துவிட்டது. கிழிந்த கடிதத்தின் துண்டு ஆளுக்கொன்றாகக் கையிலிருந்தது. ஒட்டி வைத்துப் படிப்பார் இல்லை.

பார்க்க வந்த தாய் தகப்பன்மார்? அவர்களைப் பிள்ளைகள் படுக்கும் அறைக்கும் வசிக்கும் கூடத்துக்கும் விடுவதில்லை. சந்திப்பதற்கென்று ஒழுங்காக வைத்த வேறோர் அறை உண்டு. மாடிப் படிகளை அவர்கள் பார்த்ததில்லை.

* * *

கமிஷன் வெட்கப்பட்டது, அதோடு நிற்காமல் வேலையும் செய்தது. அறிவு வளர்ச்சி தாமதப்பட்டவர்களுக்கான 150 இடங்களைப் பரிசோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டது. ஏறக்குறையப் பாதி இடங்கள் வேண்டிய தரத்தில் இல்லை. இந்தப் பரிசோதனையில் புதுமை ஒன்று இருந்தது. உத்தியோகஸ்தர்களுடன், அறிவு வளர்ச்சிக் குறையோடு வாழ்ந்து வருகிறவர்களும், அத்தகையவர்களை வீட்டில் வைத்துப் பராமரித்த உறவினர்களும் பரிசோதகர்களாகச் சென்றார்கள். அனுபவத்தால் தேர்ந்தவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். உத்தியோகஸ்தர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் சமையலறையில், "இதன் கதவை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? இவருக்குத் தாகமெடுத்தால் என்ன செய்வார்?" என்று கேட்கத் தோன்றுவது இவர்களுக்குத்தான்.

இப்போது பரிசோதகர்கள் பெரும்பாலும் முன்னறிவிப்பில்லாமலே செல்கிறார்கள். கேட்கும் கேள்விகள் ஐந்து. இங்குள்ளவர்கள் பத்திரமாக இருக்கிறார்களா? பராமரிப்பினால் பயன் விளைகிறதா? அன்புடன் நடத்துகிறார்களா? அவரவர் தேவையறிந்து செய்கிறார்களா? நிர்வாகம் செம்மையாக இருக்கிறதா? விடையைப் பொறுத்து, மிகச் சிறப்பு, நன்று, திருந்த வேண்டும், போதாது என்று நான்கில் ஒரு மதிப்புத் தரப்படுகிறது.

பேச்சு வராதவர்களிடம் எப்படி விசாரிப்பது? அதற்கும் ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். பரிசோதகர் கூடத்தின் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்துகொள்வார். ஐந்து ஐந்து நிமிஷமாகப் பிரித்துக் குறித்துக்கொண்டே போவார்: இவர் முகம் மலர்ந்திருக்கிறதா, வாடியிருக்கிறதா? ஏதாவது செய்கிறாரா, சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? அருகே வந்த சிப்பந்தி பேர் சொல்லிப் பேசினாரா, சாமானை நகர்த்துவது போல் நாற்காலியைத் தள்ளினாரா? சிப்பந்தி அறைக்குள் நுழைந்ததும் ஒருவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டால், நூறு ரிஜிஸ்தர் சொல்லாததை அது சொல்லிவிடும்.

மருந்துக் கணக்கையும் பார்ப்பார்கள். இதற்குக் காரணமுண்டு. இங்கிலாந்தில் இத்தகையவர்களில் 30,000 முதல் 35,000 பேர் வரை, தக்க காரணமின்றியே மனத்தை அடக்கும் மருந்துகளை உட்கொண்டு வருகிறார்கள் என்று 2015-ல் சர்க்கார் சுகாதார இலாகா மதிப்பிட்டது. சத்தமில்லாத இல்லமெல்லாம் சந்தோஷமான இல்லமாகிவிடாது.

* * *

இவ்வளவும் செய்த பிறகாவது துன்பம் தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. டர்ஹாம் ஜில்லாவில் வோர்ல்டன் ஹால் என்ற இடத்துக்கு 2017-ல் கமிஷன் 'நன்று' என்று மதிப்பளித்தது. 2019-ம் வருஷம் மே மாதம் மீண்டும் ஒரு பி.பி.சி. நிருபர், மீண்டும் ஒளித்த காமிரா, மீண்டும் அதே காட்சி! 2023-ல் நான்கு பேர் குற்றவாளிகளென்று கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. இதைவிட வருத்தம் தருவது, கமிஷனின் சொந்தப் பரிசோதகர் ஒருவர் 2015-லேயே அவ்விடத்தைப் பற்றிக் குறை கூறி எழுதிய அறிக்கை வெளியிடப்படாமலே போனதுதான். அதை வெளியிடாதது தவறு என்று பின்னர் நடந்த விசாரணையில் டேவிட் நோபிள் கூறினார். மாலை வேளைகளிலும் சனி ஞாயிறுகளிலும் எதிர்பாராமல் போய்ப் பார்க்க வேண்டும் என்று கிளினிஸ் மர்பி என்னும் பேராசிரியை யோசனை சொன்னார்.

அதன் பிறகு 'மூடிய இடம்' என்பதன் அடையாளங்களைக் கமிஷன் தொகுத்து வைத்திருக்கிறது. குடும்பத்தாருக்கு எட்டாத தூரம், வெளியாள் வந்து போகாத வாசல், அடிக்கடி மாறும் சிப்பந்திகள், கண்காணிக்காத நிர்வாகி. இவை சேர்ந்தால், ரிஜிஸ்தர் எவ்வளவு அழகாக இருந்தாலும் உஷாராக வேண்டும்.

பரிசோதகரைப் பரிசோதிக்கவும் ஒருவர் வேண்டுமல்லவா? 2024-ல் அதுவும் நடந்தது. கமிஷனைப் பற்றி விசாரித்த டாக்டர் பென்னி டாஷ், 2019-ல் நடந்த பரிசோதனைகளில் பாதி கூட இப்போது நடக்கவில்லை என்றும், பல இடங்களுக்குரிய மதிப்பு வருஷக் கணக்கில் பழையது என்றும் எடுத்துக் காட்டினார். சுவரில் மாட்டிய 'நன்று' என்ற சீட்டு, அது எழுதப்பட்ட தினத்துக்கு மட்டுமே சாட்சி.

ஆகவே, பரிசோதகர் வேண்டியவரே. ஆனால் அவர் வருஷத்துக்கு ஒரு நாள் வரும் விருந்தாளி. பாக்கி முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அவ்விடத்தைக் காப்பது திறந்த வாசல்தான். தாயார் சொல்லாமல் வரலாம், அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கலாம், புதிதாகச் சேர்ந்த சிப்பந்தி பயமின்றிக் குறை சொல்லலாம் என்று எங்கே இருக்கிறதோ, அங்கே கொடுமை வேர் பிடிப்பது கடினம். தம்முடையவர்களை இத்தகைய இல்லத்தில் விட நேர்ந்தவர்கள் சாப்பாட்டு வேளையில் போக வேண்டும். விருந்தினர் அறையில் உட்கார வைத்தால், "அவன் படுக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் வந்த தினத்தன்று லீவு கொடுத்து அனுப்பிவிட்ட அந்தப் பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். "அவர்கள் எங்கே?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்; அதுதான் பரிசோதனை.